பால்காரியின் நிறம்

அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பழைய விரிப்பைப் பாதி உருவியிருந்தபோதுதான் வாசலில் வேன் வந்து நின்றது. மகள் ஒரு கையால் அம்மாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு மறு கையால் புது விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்க முடியவில்லை.

"நிறுத்தினதுக்கு அப்புறமும் இன்னொரு தடவை உறுமவிடுறான் பாரு," என்றாள் அம்மா, தலையணையில் புதைந்த வாயோடு. "என் தம்பிதான்."

"நான்தாம்மா கூப்பிட்டேன்."

"தெரியும். நீ போன்ல பேசினா ஊருக்கே கேக்கும்."

கோபமா இல்லையா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மகள் அம்மாவை மெல்ல மல்லாத்தினாள். என்ன எடை இருந்துவிடப் போகிறது? காய்ந்த துணியை மடிப்பதுபோலத்தான் இருந்தது. அம்மா தலைமாட்டைத் தடவி, "சீப்பு எங்க?" என்று கேட்டாள்.

ஒன்பது வருடங்களாக அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசவில்லை. காரணம் ஒரு குதிரை.

அம்மா மட்டக்குதிரை வளர்ப்பவள். அவள் வளர்த்த இனத்துக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கத்துக்கு ஒரு பதிவேடு. அதற்குப் பதிவாளர், மாமா. குட்டி பிறந்தால் அவர் வந்து பார்த்து, நிறத்தை எழுதி, முத்திரை குத்துவார். உடம்பு முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும். நெற்றியில் ஒரு சுட்டி இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இருக்கலாம். அதற்குமேல் ஒரு விரற்கடை வெள்ளை இருந்தாலும் அது அந்த இனமே இல்லை என்பது விதி.

பால்காரி செம்பழுப்பாகப் பிறந்தாள். ஆனால் இடது விலாவிலிருந்து வயிறுவரை, யாரோ ஒரு பாத்திரம் பாலைத் தூக்கி ஊற்றியதுபோல வெள்ளை. பேரும் அப்படித்தான் வந்தது.

"இதோட அப்பா பேரும் அம்மா பேரும் நீயே எழுதினதுதானே? பிள்ளை மட்டும் எப்படிடா வேத்தாளாச்சு?" என்று அம்மா அன்று கேட்டாள்.

"விதி இருக்கேக்கா," என்றார் மாமா.

அவ்வளவுதான். தாய்க்குப் பதிவு இல்லையென்றால் குட்டிகளுக்கும் இல்லை. அம்மா இருபது வயதில் தொடங்கிய வம்சத்தின் கடைசிப் பெண்குட்டி பால்காரிதான்; பதிவேட்டில் அந்த வம்சம் அதோடு நின்றுபோனது. மற்றவர்கள் இப்படிப்பட்ட குட்டிகளுக்குத் தலைமுடிச் சாயம் தடவிக் காட்டுவார்கள். அம்மாவிடமும் ஒருவர் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். "உங்க மீசைக்கு வச்சுக்கோங்க," என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு இருவரும் கடிதத்தில்தான் பேசினார்கள். 'மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு' என்று அம்மா எழுதுவாள். 'அன்புடையீர், தங்கள் மேல்முறையீடு விதிப்படி ஏற்கப்படவில்லை' என்று மாமா எழுதுவார். ஒருமுறை அம்மா நாலு பக்கம் சட்டம் பேசிவிட்டுக் கடைசியில், 'பின்குறிப்பு: பதிவாளரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?' என்று கேட்டிருந்தாள். பதில் முத்திரையோடு வந்தது. 'பின்குறிப்பு: பரவாயில்லை.'

மாமா உள்ளே வந்து கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றார். மகள் நினைத்திருந்ததைவிட வயதாகியிருந்தார். கையில் ஒரு பழுப்புநிறக் கோப்பு.

"அக்கா."

"கண்ணாடி மாத்திட்டியா? முன்ன போட்டிருந்ததுதான் உனக்கு நல்லா இருந்துச்சு."

"அது உடைஞ்சுபோச்சு."

"உக்காரு. கழுத்து வலிக்குது, அண்ணாந்து பாக்க முடியல."

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாமா உட்கார்ந்ததும் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து அம்மாவின் கைக்கு அருகில் வைத்தார். வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு, "கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்," என்றார்.

"என்னன்னு படி," என்றாள் அம்மா, மகளிடம்.

பால்காரிக்கான பதிவு விண்ணப்பம். பெயர், பிறந்த வருடம், தாய், தந்தை எல்லாம் மாமாவின் உருண்டைக் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. "நிறம்: செம்பழுப்பு," என்று படித்த மகளுக்கு அடுத்த வரியில் குரல் நின்றது. மாமாவைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. "வெள்ளை அடையாளங்கள்: இல்லை."

கீழே அவருடைய கையெழுத்து. முத்திரை.

முப்பது வருடங்களாக அந்தப் பதிவேட்டில் ஒரு பொய்யும் எழுதாத மனிதர். மகள் உடனே பேனாவைத் தேடினாள்.

"'இல்லை'ன்னா எழுதிருக்க?" என்றாள் அம்மா.

"யாரும் வந்து பாக்கப் போறதில்லக்கா. நான் பாத்தேன்னு எழுதினாப் போதும்."

"எனக்காகவா?"

"வேற யாருக்கு?"

அம்மா கையை நகர்த்தி அவர் மணிக்கட்டின்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு, "கிழிச்சுப் போடு," என்றாள்.

மகளால் பொறுக்க முடியவில்லை. "அம்மா! இதுக்குத்தானே இத்தனை வருஷம் மல்லுக்கட்டின? ஒரு கையெழுத்தும்மா. உனக்கு அப்புறம் அதோட குட்டிங்களாவது..."

"வெள்ளையே இல்லைன்னு எழுதறதுன்னா அந்த மீசைக்காரரோட டப்பாவையே வாங்கியிருப்பேனே." மூச்சு வாங்கியது. சற்று நிறுத்தித் தொடர்ந்தாள். "வெள்ளை இருக்கு. இருந்தும் அது இந்த இனம்தான். நான் சொன்னது அது ஒண்ணுதான். அன்னிக்கு நீ வண்டியை விட்டு இறங்கவே இல்லடா. கண்ணாடியை இறக்கிப் பாத்தே, எழுதினே, போயிட்டே. அதைத்தான் என்னால தாங்க முடியல."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"இறங்கித் தொட்டுப் பாத்திருந்தேன்னா என்னால அப்படி எழுதியிருக்க முடியாதுக்கா."

வெளியே ஏதோ ஒரு குதிரை தண்ணீர்த் தொட்டியைக் காலால் உதைத்தது.

"இப்பப் போய்ப் பாரு," என்றாள் அம்மா. "ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் போங்க."

மகள் பால்காரியைக் கயிற்றில் பிடித்து ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள். ஒன்பது வயதுக் குதிரை. குதிரையேற்றம் கற்க வரும் குழந்தைகளில் பயந்த பிள்ளைகளையெல்லாம் மகள் இதன்மேல்தான் ஏற்றுவாள். காதைப் பிடித்து இழுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

மாமா முதலில் உள்ளங்கையை அதன் மூக்கில் காட்டினார். பிறகு விலாவில் வைத்தார். வெள்ளையும் செம்பழுப்பும் சேரும் ஓரத்தை விரலால் மெதுவாகத் தொட்டுக்கொண்டே போனார். சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்து அளந்தார். குனிந்து வயிற்றடியில் பார்த்தார். எழுந்திருக்கும்போது குதிரையின் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"காதுக்குப் பின்னாடி பாத்தியா?" என்று ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. தூரத்தில் கூப்பிடுவதுபோல மெலிந்திருந்தது.

"பாக்குறேன்... ஆமா, இருக்கு! கொத்தமல்லி விதையளவு!"

"நான் சொல்லல?"

"நீ எப்பச் சொன்னே?"

"ஏழாவது கடிதத்துல!"

மகள் குதிரையின் கழுத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மதியம் மாமா கட்டிலருகே உட்கார்ந்து புதுத் தாளில் எழுதினார். ஒவ்வொரு வரியையும் எழுதியதும் படித்துக் காட்டினார். அம்மா கண்ணை மூடியபடி கேட்டாள்.

"'இடது விலாவின் நடுவிலிருந்து தொடங்கி வயிற்றடிவரை, ஒன்றரை முழ நீளத்துக்கு, ஒழுங்கற்ற ஓரம் கொண்ட வெள்ளைக் கறை.'"

"கறையா?"

"விதிப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"துணியிலதான் கறை இருக்கும்."

மாமா அந்தச் சொல்லை அடித்தார். மேலே 'வெள்ளை' என்று மட்டும் போட்டார். பிறகு தாளை ஒரு அட்டையின்மேல் வைத்துப் பிடித்துக்கொள்ள, மகள் அம்மாவின் விரல்களுக்குள் பேனாவைச் சேர்த்துக் கொடுத்தாள். பாதிக் கையெழுத்தோடு கை சோர்ந்துவிட்டது.

"போதும். இது நான்தான்னு இவனுக்குத் தெரியும்," என்றாள் அம்மா.

மகள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவச் சமையலறைக்குப் போனாள். முதலிலிருந்து ஒருமுறை படிக்கச் சொல்லி அம்மா கேட்டிருப்பாள் போல. சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பெயர். தாய். தந்தை. தாயின் தாய். காதுக்குப் பின் கொத்தமல்லி விதையளவு. பிறகு குரல் நின்றது. மகள் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தாள். அது மறுபடி தொடங்கவில்லை.

ஈரக்கையோடு அறை வாசலில் வந்து நின்றாள். "மாமா?"

"தூங்குறா," என்றார் அவர். அம்மாவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

மகள் கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் போர்வை ஏறி இறங்கவில்லை. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்து, வேலியின் நிழல் வைக்கோல் கட்டுகளை எட்டும்வரை அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்றே வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனபின், மாமா கறுப்புக் கோட்டோடு கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"சங்கத்துல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள் மகள்.

"ஏத்துக்க முடியாதுன்னு சொல்லுவாங்க."

"அப்புறம் ஏன் மாமா கொண்டுபோறீங்க?"

"ஏத்துக்கலன்னு எழுதறதுக்கும் பதிவாளர் கையெழுத்து வேணும்மா. நான் போடமாட்டேன். பதிவேட்டுல இன்னிக்கே ஏத்திடுவேன்."

"வேலையை விட்டு எடுத்துருவாங்களே."

"எடுக்கட்டும். அந்த வரியை நீக்கணும்னா கோடு போட்டு அடிக்கத்தானே வேணும்? அடிச்சாலும் உள்ள என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்க முடியும்." கொஞ்சம் யோசித்தார். "நான் அழுத்தித்தான் எழுதுவேன்."

வண்டியில் ஏறுமுன் வேலிப்பக்கம் போனார். போய்ச் சேரும்வரை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலிகளை உள்ளே எடுத்துவைக்கத் திரும்பினாள். அவர் வர வெகுநேரம் ஆயிற்று.

திரும்பி வந்து நின்றபோது கோட்டின் இடது தோளிலும் கை முழுக்கவும் வெள்ளை முடிகள் ஒட்டியிருந்தன. குட்டைக் குட்டையாக, கறுப்பில் எடுப்பாக. தட்டிவிட மகள் கையை உயர்த்தினாள். பிறகு அவருடைய காலரை மட்டும் சரிசெய்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

"பாத்துப் போங்க மாமா."

"சரிம்மா," என்று அவர் வேனில் ஏறினார்.