முழுங்கின ‘ட்’

எனக்குக் கோவம் வந்தா கூடவே இலக்கணமும் வரும். யாராவது இங்கிலீஷ்ல என்னைத் திட்டினாக்கூட, திட்டுல இருக்கிற தப்பைத் திருத்திட்டுத்தான் திருப்பித் திட்டுவேன். வயசு நாப்பதைத் தாண்டியாச்சு, அதுல பாதி இங்கிலீஷ் டீச்சராவே போச்சு. இனிமே மாறவா போறேன்? ஆனா அந்த இலக்கணமே என் கழுத்துல வந்து உக்காரும்னு நான் நினைக்கல.

இப்ப நான் இருக்கிறது வெளிநாட்டுல, செருப்புக்கடைக்கு மேல இருக்கிற ஒரு சாயங்காலப் பள்ளிக்கூடத்துல. படியேறும்போதே புதுத்தோல் வாசனை மூக்கைத் துளைக்கும். வேலை முடிஞ்சு வர்ற பெரியவங்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பேக்கரி அம்மா முழங்கையில மாவோட வருவாங்க. பல் டாக்டர் நான் வாயைத் திறந்தா வார்த்தையை விட்டுட்டுக் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பார். அப்புறம் பஸ்காரர். டவுன் பஸ் ஓட்டுறவர், என்னைவிட நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும். யூனிஃபார்ம் சட்டையோட ஜன்னல் ஓரமா உக்காந்து, நான் சொல்றதையெல்லாம் உதட்டுக்குள்ளயே சொல்லிப் பார்த்துக்குவார்.

இந்த ஊர்க்காரங்க எல்லாருக்கும் ஒரு வியாதி. வார்த்தையோட கடைசி எழுத்தை முழுங்கிடுவாங்க. அதுலயும் ‘ட்’ வந்தா போதும், வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி அப்படியே உள்ள போயிடும். நான் தொண்டை கிழியக் கத்துவேன்: “ட் எங்க? ட் சொல்லுங்க!”

ஒரு நாள் குடும்பத்தைப் பத்திப் பேசச் சொன்னேன். பஸ்காரர் எழுந்து, ஒரு பொண்ணு இருக்கா, வேற ஊர்ல வேலை பார்க்கிறான்னார். அப்புறம், “மை வைஃப் டை”ன்னார். நான் உடனே, “டை இல்ல, டைட். ட் விட்டுட்டீங்க”ன்னேன். சொல்லி முடிச்ச பிறகுதான் அவர் என்ன சொன்னார்னே என் மண்டைக்கு ஏறுச்சு. பேக்கரி அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவர் மட்டும் பொறுமையா, “டைட்”னு திருத்திச் சொல்லிட்டு உக்காந்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

மன்னிப்பு கேக்கலாம்னு கிளாஸ் முடிஞ்சு படியில நின்னேன். கேட்டேன். அவர் அதைக் காதுலயே வாங்கிக்காம, “ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?”ன்னு கேட்டார். அது நாங்க போன வாரம் நடத்தின பாடத்துல இருக்கிற கேள்வி. துணி துவைப்பேன், சமைப்பேன், அண்ணிகிட்ட போன்ல பேசுவேன்னேன். “சைக்கிள்?”னார். தெரியாதுன்னேன். அவர் என்னை ஏதோ நீச்சல் தெரியாத மீனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அதுல இருந்து ஞாயித்துக்கிழமை காலையில பஸ் டெப்போல எனக்கு சைக்கிள் கிளாஸ். அன்னிக்குப் பாதி பஸ்ஸுங்க வெளியே போகாது. ரெண்டு வரிசை பஸ்ஸுக்கு நடுவுல டீசல் கறை படிஞ்ச சிமெண்ட் தரை நீளமா கிடக்கும். நான் அவர் பொண்ணோட பழைய சைக்கிள்ல ஏறி உக்காருவேன். அவர் பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வருவார். ஓடிக்கிட்டே இங்கிலீஷ் பேசுவார். களைச்சுப் போனா படிக்கட்டுல உக்காந்து ஃபிளாஸ்க் டீ குடிப்போம். அவ்ளோதான். ஆனா வாரம் பூரா நான் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருப்பேன், அதை எதுக்கு மறைக்கணும்.

குழப்பமும் அங்கதான் ஆரம்பம். அவர் வாயில இருந்து வர்ற எல்லாமே என் பாடத்துல இருந்து வந்தது. “உங்களுக்கு டீ வேணுமா?” நான் நடத்தினது. “இந்தச் சட்டை நிறம் உங்களுக்கு நல்லா இருக்கு.” அதுவும் நான் நடத்தினதுதான். இது பிரியமா, வீட்டுப்பாடமா? காசு செலவில்லாம ஒரு டீச்சரை மடக்கிப் போட்டு இங்கிலீஷ் பழகுறாரா? ஒரு ஞாயிறு இப்படி நினைப்பேன், அடுத்த ஞாயிறு அப்படி நினைப்பேன். ஸ்கூல் பொண்ணு மாதிரி இது எனக்குத் தேவையான்னு என்னையே திட்டிக்குவேன்.

இதுக்கு நடுவுல மேடம் – பள்ளிக்கூடத்தை நடத்துறவங்க – என்னைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணும்னாங்க. இன்னொரு வருஷம் இருக்கேனா, ஊருக்குக் கிளம்புறேனா? ஊர்ல அண்ணன் தன் சிநேகிதர் ஸ்கூல்ல எனக்கு வேலை சொல்லி வெச்சிருக்கார். மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சாம். போனா குறை ஒண்ணும் இல்ல. இருந்தா எதுக்காக இருக்கேன்னு கேட்டா, சைக்கிளுக்காகன்னு அண்ணன்கிட்ட சொல்ல முடியுமா? கிளாஸ்லயும் விஷயம் பரவிடுச்சு. பேக்கரி அம்மா, “டீச்சர் போறாங்களாமே”ன்னு என் எதிர்லயே மூக்கை உறிஞ்சினாங்க.

அந்த வாரம் பாடம் ‘இஃப்’. நடக்கக்கூடிய விஷயம்னா ஒரு மாதிரி சொல்லணும்: இஃப் யூ ஸ்டே, ஐ வில் பீ ஹேப்பி. நடக்காது, சும்மா ஆசைக்குச் சொல்றோம்னா வேற மாதிரி: இஃப் யூ ஸ்டேய்ட், ஐ வுட் பீ ஹேப்பி. ‘ட்’ இல்லன்னா நம்பிக்கை இருக்கு. ‘ட்’ இருந்தா இல்ல. இதை நான் போர்டுல எழுதி, கோடு போட்டு, மாஞ்சு மாஞ்சு விளக்கியிருந்தேன்.

ஞாயித்துக்கிழமை டெப்போல சைக்கிள் கொஞ்சம் நல்லாவே ஓடுச்சு. பின்னாடி அவர் மூச்சு வாங்குற சத்தம். திடீர்னு சொன்னார்: “டீச்சர்... இஃப் யூ ஸ்டே...” அதுக்கு மேல ‘ட்’ வந்துச்சா வரலையா தெரியல. “ஐ...” அடுத்தது வில்லா வுட்டா அதுவும் தெரியல, மூச்சிரைப்புல போயிடுச்சு. “...பீ ஹேப்பி.” அது மட்டும் தெளிவா கேட்டுச்சு.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சைக்கிள் மட்டும் ஓடுச்சு. நேரா போய் நின்னுக்கிட்டிருந்த ஒரு பஸ்ஸோட பின்பக்கத்துல முட்டி நின்னுச்சு. திரும்பினேன். அவர் முகம் சிவந்து போய் நிக்கிறார். ஓடினதுனாலயா, வேற எதனாலயாவதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வெரி குட்! குட் சென்டென்ஸ்!” அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம், “தேங்க் யூ, டீச்சர்”னு சொல்லிட்டு, வளைஞ்ச ஹேண்டிலை நிமித்த ஆரம்பிச்சார். என் நாக்கைப் பிடுங்கிக்கலாம்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன். எனக்கு அம்மா போனதுக்கு அப்புறம் எல்லாத்துக்கும் அண்ணிதான். விஷயம் பூரா கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், “அந்த மனுஷன் சொன்னதைத் தமிழ்ல சொல்லு”ன்னாங்க.

“நீங்க இருந்தா எனக்கு சந்தோஷமா இருக்கும்னார், அண்ணி.”

“அப்புறம் என்னம்மா குழப்பம்? தேங்கா உடைச்ச மாதிரி சொல்லியிருக்கார்.”

“இல்ல அண்ணி, ட் வந்துச்சான்னு தெரியல. ட் வந்திருந்தா, நான் இருக்க மாட்டேன்னு அவரே முடிவு பண்ணிட்டார்னு அர்த்தம். சும்மா மரியாதைக்குச் சொல்றது. வரலைன்னா, நிஜமாவே இருக்கச் சொல்றார்னு அர்த்தம்.”

“இருந்தான்னா இருந்தாதான். அதுல என்ன ரெண்டு வகை?”

“தமிழ்ல ஒண்ணுதான். இங்கிலீஷ்ல ரெண்டு.”

“அப்ப தமிழ்லயே வெச்சுக்கோயேன். உங்க அண்ணன்கிட்ட நான் இப்ப என்னன்னு சொல்ல? பொண்ணு ஒரு எழுத்துக்காக அங்க உக்காந்திருக்குன்னா?” கோவமா ஆரம்பிச்சாங்க, முடிக்கும்போது குரல் இறங்கிடுச்சு. “உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா? அதைச் சொல்லு முதல்ல.”

“அவர் என்ன சொன்னார்னு தெரியாம நான் எப்படி அண்ணி...”

“மென்னு முழுங்காத”ன்னாங்க. சிக்னல் சரியில்லைன்னு சொல்லி வெச்சுட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை கிளாஸ்ல ஒரு தந்திரம் பண்ணினேன். ஆளுக்கு ஒரு ‘இஃப்’ வாக்கியம் சொல்லணும்னேன். பேக்கரி அம்மா, “என் புருஷனுக்குக் காது கேட்டா நான் இவ்ளோ கத்த மாட்டேன்”னு இலக்கணம் பிசகாம சொன்னாங்க. பல் டாக்டர், “எல்லாரும் ஒழுங்கா பல் விளக்கினா நான் பிச்சைதான் எடுக்கணும்”னார். அதுவும் சரி. நான் காதைத் தீட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். பஸ்காரர் எழுந்து, “கதவு சாத்தினா பஸ் கிளம்பிடும்”னார்.

அதோட உக்காந்துட்டார். நான் பேந்தப் பேந்த முழிச்சேன். என்ன கதவு? எந்த பஸ்? நான் ‘வெரி குட்’னு மூஞ்சியில அடிச்சதைத்தான் கதவு சாத்தினதா சொல்றாரா? கிளம்புற பஸ் நானா, அவரா? இல்ல, நிஜமாவே பஸ்ஸைப் பத்தித்தான் பேசுறாரா? பாவம், அவர் தொழில் அது. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதும் இதே யோசனை. ஒரு தட்டையே திரும்பத் திரும்பத் தேய்ச்சுக்கிட்டு நின்னேன். மண்டை காய்ஞ்சு போச்சு.

வெள்ளிக்கிழமை வந்துடுச்சு. மேடம் சாயங்காலம் பதிலுக்குக் காத்திருப்பாங்க. மதியமே கிளம்பி, அவர் ஓட்டுற பஸ் கடைசியா வந்து நிக்கிற ஸ்டாப்புக்குப் போனேன். கேட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். என்ன ஆயிடும், மானம்தானே போகும்.

பஸ் வந்து நின்னுச்சு. எல்லாரும் இறங்கிட்டாங்க. எஞ்சினை நிறுத்திட்டு, அவர் சீட்டுல உக்காந்து சாண்ட்விச்சைப் பிரிச்சுக்கிட்டிருந்தார். நான் படியேறினதும் கையைத் துடைச்சுக்கிட்டு எழுந்துட்டார். “உக்காருங்க”ன்னேன். டீச்சர் குரல்லதான் வந்துச்சு, என்ன பண்ண. “ஞாயித்துக்கிழமை ஒண்ணு சொன்னீங்களே. அது ஸ்டேயா, ஸ்டேய்ட்டா?”

அவருக்கு உடனே புரிஞ்சிடுச்சு. அவரும் அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்திருக்கார். சாண்ட்விச்சை மறுபடி காகிதத்துல சுத்தினார். அப்புறம் வார்த்தை வார்த்தையா, ஒரு எழுத்துகூட முழுங்காம சொன்னார்.

“நீங்க இருப்பீங்களா போவீங்களான்னு எனக்குத் தெரியாது, டீச்சர். தெரியாம நான் எதைச் சொல்றது? நீங்கதானே ரெண்டும் வேற வேறன்னீங்க. அதான் அந்த இடத்தை மட்டும் வாய்க்குள்ளயே சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “எது சரி, டீச்சர்?”

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. ஒரு வாரமா நான் பைத்தியமா அலைஞ்சுக்கிட்டிருக்கேன், இவர் பாடத்துல சந்தேகம் கேக்கிறார். அப்புறம் பார்த்தா, சந்தேகம் கேட்டவர் சுத்தின சாண்ட்விச்சையே பிரிச்சு, மறுபடி சுத்திக்கிட்டிருக்கார். அப்பத்தான் உறைச்சுது. அவர் வாயில இருந்து ஒரு ‘ட்’ வந்தா பெட்டியைக் கட்டலாம், வரலைன்னா இருக்கலாம்னு, என் முடிவைக் கொண்டுபோய் அந்த மனுஷன் நாக்குல வெச்சுட்டு நான் பாட்டுக்கு நின்னிருக்கேன். எனக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டா மட்டும் சிக்னல் சரியில்ல.

ஒரு வயசானவர் பஸ்ஸுல ஏறி, எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, பின் சீட்டுக்குப் போனார்.

“ஸ்டே”ன்னேன். மறுபடி அழுத்திச் சொன்னேன். “ஸ்டேதான் சரி.”

“ட் இல்லையா?”

“ட் கிடையாது.”

அவர் தலையாட்டினார். இன்னும் முழுசா நம்பல போல. கிளாஸ்ல எழுந்து நிக்கிற மாதிரியே ஸ்டியரிங் பக்கத்துல எழுந்து நின்னு, முழு வாக்கியத்தையும் முதல்ல இருந்து சொன்னார். இஃப் யூ ஸ்டே, ஐ வில் பீ ஹேப்பி. வில் நல்லாவே கேட்டுச்சு.

இது கல்யாணமா, சைக்கிளா, வெறும் இங்கிலீஷா, அண்ணன்கிட்ட என்ன பேர் சொல்லிச் சொல்வேன் – சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா பதில் மட்டும் வந்துடுச்சு. வாழ்நாள் பூரா இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த நேரத்துல இங்கிலீஷ் வரல. “நானும்”னேன், தமிழ்ல.

“அப்படின்னா என்ன?”ன்னு கேட்டார். சொல்றதுக்குள்ள எனக்கு அழுகை வந்துடுச்சு. அவர் சாண்ட்விச்சை கீழ வெச்சுட்டு, உதட்டுக்குள்ளயே அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கிட்டு நின்னார்.