வாட்டிய இலை

பாம் ஆயிலுக்கான செம்பனைத் தோட்டத்து வேலியை ஒட்டி இருளப்பன் நட்டிருந்த வாழைகள் ஒரு வரிசை முழுக்கக் கருகிப்போயின. தோட்டத்தில் களைக்கு அடித்த மருந்து காற்றில் வந்து பட்டதுதான் காரணம் என்றார் அவர். பராமரிக்கத் துப்பில்லாதவன் சொல்கிற சாக்கு என்றார் மேனேஜர். நிலம் தோட்டத்துடையது, அங்கே ரப்பர் மரம் இருந்த காலத்தில் வாய்ப்பேச்சில் இருளப்பனுக்கு விட்டுவைத்தது. "வெள்ளிக்கிழமை பேசிடுவோம். ஆதாரம் இருந்தா கொண்டாங்க, இல்லன்னா இடத்த விட்டுடுங்க" என்றுவிட்டார். பாலிங் டவுன் கடைகளுக்கு இலை அறுத்துப் போட்டுத்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

மகன் தினேஸ்வரன் ரசாயனம் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு, கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவன். படித்த பாதியாவது உதவட்டும் என்று, கூடப் படித்த பிரேமலாவுக்குப் போன் போட்டான். அவள் பினாங்கில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருந்தாள்.

"இலை மேல இருக்கிற மெழுகு எல்லா இலையிலயும் ஒண்ணுபோல இருக்காது, தினேஷ்" என்றாள். "குருத்துக்கு ஒரு மாதிரி, முத்தினதுக்கு ஒரு மாதிரி. வெயில்ல நின்னா ஒண்ணு, நிழல்ல நின்னா வேற. சில களைக்கொல்லி பட்டா அதுல நீளமான கார்பன் சங்கிலி குறைஞ்சிடும். வேலியோரத்து இலை கொஞ்சம், தள்ளி இருக்கிறது கொஞ்சம், ஒரே வயசு இலையா அனுப்பு. மேல கை படக் கூடாது லா."

ஷிஃப்ட் முடிந்து தூக்கம் கண்ணைச் சுழற்ற வீட்டுக்கு வந்தவன், அப்பாவிடம் எந்தெந்த இலையை அறுக்க வேண்டும் என்று காட்டினான். அம்மா ராக்காயியிடம், "மடிச்சு பிளாஸ்டிக் பையில போட்டு வைம்மா" என்றான். கை படக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. மெழுகு, சங்கிலி என்று இவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க யாரால் முடியும் என்று போய்ப் படுத்துவிட்டான். எழுந்தபோது பைகள் தயாராக இருந்தன. பஸ்ஸில் போட்டு அனுப்பினான். சாம்பிள்தான் எடுத்தாயிற்றே என்று இருளப்பன் அன்றைக்கே கருகிய வரிசையை வெட்டித் தள்ளினார்.

வியாழக்கிழமை பிரேமலா கூப்பிட்டாள்.

"என்ன லா அனுப்பியிருக்கே? ரெண்டு பைக்கும் வித்தியாசமே இல்ல. மெழுகு உருகி வழிஞ்சிருக்கு. அதுக்கு மேல ஒரே சமையல் எண்ணெய். பசார்ல விக்கிற பாம் ஆயில்."

அவன் அடுப்படிக்குப் போனான்.

"அந்த இலைய என்னம்மா பண்ணே?"

"என்ன பண்ணேன்? நெருப்புல வாட்டி, துணியால தொடச்சு மடிச்சேன்."

"எந்தத் துணி?"

"தோசைக்கல்லு தொடைக்கிற துணி. ஏன்?"

"போச்சு. எல்லாம் உன்னால போச்சு. இனி மேனேஜர்கிட்ட காட்ட ஒண்ணுமில்ல."

ராக்காயி கரண்டியை வைத்தாள். "மடிச்சு வைன்னு யாருடா சொன்னது? வாட்டாம மடிச்சா வாழையெல கிழிஞ்சிடும்னு தெரியாதா உனக்கு? எல வித்த காசுலதானடா காலேஜுக்குப் போனே?"

"வாட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பா" என்றார் வாசலில் நின்ற இருளப்பன். "சொன்னாலும் எங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டே. வேலியோரத்தையும் நான் வெட்டிட்டேன். இனி எத அறுத்து அனுப்புவே?"

 

மறுநாள் மேனேஜர் வந்தபோது இருளப்பன் வாதாடவில்லை. "எடுத்துக்குங்க சார். நிக்கிற இலைய மட்டும் அறுத்துக்கிறோம்" என்றார். மேனேஜர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் நல்ல வரிசையில் இலை அறுக்க ஆரம்பித்தார்கள். கம்பெனி பஸ் வருகிற நேரம். தினேஸ்வரன் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தான். சாப்பிட்டியா என்று யாரும் கேட்கவில்லை.