அதிர்ந்து பேசாதவர்

ஜோசபின் செருப்பை மாட்டிக்கொண்டே, சாயங்காலம் வரும்போது கோதிம்பீர் வாங்கி வருவதாகச் சொன்னாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "கொத்தமல்லி" என்றேன். நிக்டியில் எத்தனை வருஷம் இருந்தாலும் வீட்டுக்குள் மராத்தி கலக்காத தமிழ்தான் பேச வேண்டும் என்பது என் பிடிவாதம்.

"சரி, கொத்தமல்லி" என்றாள். பிறகு, "நேத்து பஸ்ல ஒரு கூத்து நடந்துச்சு, கேளுங்களேன். அந்தப் புது கண்டக்டர் இருக்கான்லா" என்று ஆரம்பித்தாள். பஸ்ஸை விட்டுவிடாதே, சாயங்காலம் சொல் என்றேன். நின்று என்னைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மத்தியானம், ஔந்தில் அவள் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் தமிழ்ச் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் அவரது வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது வழக்கம். அதை எழுதுவது நான். பிம்ப்ரியில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராது. அதனால் நல்ல தமிழ் என்றால் ஐசக் என்று ஆகிவிட்டது. துக்க வீட்டில் போய் உட்கார்ந்து பேனாவைத் திறப்பேன். பிறந்த ஊர், ஞானஸ்நானம், கல்யாணம், பிள்ளைகள். வீட்டார் அழுகைக்கு நடுவில் வேறு ஏதாவது சொல்ல வருவார்கள். இறந்தவர் கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்ட சாப்பாடு, யாரிடமோ போட்ட சண்டை. "அதெல்லாம் இருக்கட்டும், ஞானஸ்நானம் எந்த வருஷம்?" என்று பேச்சைத் திருப்பிவிடுவேன். மற்ற வரிகள் என்னிடம் தயாராக இருந்தன. வாசித்து முடித்ததும் எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள்.

ஜோசபினுக்கும் நானே எழுதினேன். வேறு யாராவது எழுதட்டுமே என்றார் போதகர். நான் விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மகள் கிளாரிசா வைத்துவிட்டுப் போன டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அப்போது அது ஆறுதலாகவே இருந்தது.

மறுநாள் கோயிலில் வாசித்தேன். "அமைதியே உருவானவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியறியாதவர்" என்ற இடத்தில், முன்வரிசையில் இருந்த ஆரோக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். தோள்கள் குலுங்கின. மேரி, காலமான சந்தானத்தின் மனைவி. சந்தானத்துக்கும் நான்தான் குறிப்பு எழுதியிருந்தேன். மேரி, ஔந்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்ப்பதால் ஜோசபினோடு தினமும் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர். என் எழுத்து இவரை இப்படி உலுக்கிவிட்டதே என்று எனக்குத் தோன்றியது. மனைவியின் பெட்டி பக்கத்தில் இருக்க, குரலைத் தணித்து அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன்.

ஒரு மாதம் கழித்து வீட்டில் நினைவு ஜெபக் கூட்டம் வைப்பதாக முடிவாயிற்று. விமான் நகரிலிருந்து வந்த கிளாரிசாவிடம், அன்று வாசித்த குறிப்பையே அப்போதும் வாசித்துவிடலாம் என்றேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும்.

"அதுல அம்மா இல்லப்பா" என்றாள். "யாருக்கு வேணும்னாலும் ஃபிட் ஆகும். இந்த ஒரு தடவை அம்மாவைப் பத்தி எழுதுங்க."

உட்கார்ந்தேன். பிறந்த ஊர் வந்தது. கல்யாணத் தேதி வந்தது. அதற்கு மேல் பேனா பழைய வரிகளுக்கே போய் நின்றது. இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் கேட்டதெல்லாம் சாவி எங்கே, கரண்ட் பில் கட்டியாச்சா, கண்ணாடியைப் பார்த்தாயா என்பதுதான். இந்தக் கூட்டத்தையும் விட்டால் அவளைப் பற்றி ஊர் கூடிப் பேச வேறு சமயம் வராது. நான் எழுதியதுதான் ஜோசபின் என்று நின்றுவிடும். பயமாக இருந்தது. மேரி வீட்டுக்குக் கிளம்பினேன்.

மேரி சந்தோஷமாகத்தான் பேச ஆரம்பித்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு என்று தினமும் நடக்கும் போட்டியைச் சொன்னார். நான் பேனாவைத் திறந்து, எந்த வருஷத்திலிருந்து சேர்ந்து போகிறீர்கள் என்று கேட்டேன். வருஷத்தைச் சொன்னார். மறுபடி ஏதோ தொடங்கினார். நிக்டியில் ஏறுவதா, ஆக்குர்டியில் ஏறுவதா என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, டீ போடுகிறேன் என்று எழுந்து போனார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்ததுதான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவளும் அப்படித்தான் பார்த்தாள்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். மேரி டீயோடு வந்து உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. வாய்க்குள் மூன்று கேள்விகள் முட்டிக்கொண்டிருந்தன. அவர் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார். "அன்னைக்குக் கோயில்ல நான் அழல. சிரிப்பு வந்துட்டு. அடக்க முடியல."

பஸ்ஸில் ஜோசபின் வாய் மூடியதே இல்லையாம். சிஞ்ச்வட் தாண்டியதும் பெண்கள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார்களாம். பிரின்சிபால் இருமுவது, ஃபீஸ் கட்ட வந்த அப்பாக்கள் கெஞ்சுவது, மீன்காரி பேரம் பேசுவது என்று எல்லாவற்றையும் தமிழிலும் மராத்தியிலும் ஹிந்தியிலும் கலந்து நடித்துக் காட்டுவாளாம். சத்தம் டிரைவர் வரைக்கும் போகுமாம்.

"உங்களையும் பண்ணுவா."

எப்படி என்று கேட்டுவிட்டு, காத்திருந்தேன். மேரி டம்ளரைக் கீழே வைத்தார். இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு, மோவாயை நிமிர்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டும், ஞானஸ்நானம் எந்த வருஷம்?"

என் குரல்தான். எனக்குக் காது சூடாயிற்று.

"எங்க வீட்டுக்காரருக்கு நீங்க வாசிச்ச அன்னையிலேர்ந்து இந்தப் பேச்சுதான்" என்றார் மேரி. "அவரு போடுற சத்தம் இந்த பில்டிங்குக்கே தெரியும். அவரையும் அதிர்ந்து பேசாதவர்னுட்டிய. ஜோசபின் சொல்லுவா, 'நான் செத்தாலும் இவரு அதையேதான் எழுதுவாரு, பாத்துக்க. நீ முன்னால உக்காந்து சிரிச்சிராத'ன்னு. நானும் சிரிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க அதை ரெண்டு தடவ வாசிச்சிய."

வீட்டில் அவள் அப்படிப் பேசியதே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதியில் நான் சொல்வது எனக்கே கேட்டது. நான் எழுதியது பொய்யில்லை. என் எதிரில் அவள் அமைதியாகத்தான் இருந்தாள்.

அந்தப் புது கண்டக்டர் என்ன செய்தான் என்று கேட்டேன். மேரி முந்தானையை எடுத்துக்கொண்டார், இந்த முறை கண்ணுக்கும் சேர்த்து. அவன் ஜோசபினை "ஆஜி" என்று, அதாவது பாட்டி என்று கூப்பிட்டு, சீனியர் பாஸா என்று கேட்டிருக்கிறான். பஸ்ஸே கப்சிப். "சீனியர் வீட்டுல இருக்காரு தம்பி" என்றிருக்கிறாள் மராத்தியில். "அவரை மட்டும் பஸ்ல ஏத்திராத. உன் மராத்தியவே திருத்திருவாரு." அவன் சிரித்த சிரிப்பில் இரண்டு ஸ்டாப்புக்கு யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லையாம்.

நினைவு ஜெபத்தில் போதகர் என்னை வாசிக்கச் சொன்னார். பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இறந்த தேதி மூன்றையும் வாசித்தேன். மீதியை மேரி சொல்வார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மேரி மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். கண்டக்டர் கதைக்கே பின்னால் சிரிப்பு எழுந்தது. பிறகு அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஞானஸ்நானம் கேட்டபோது எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் வீடு முழுக்கச் சிரித்தது. கிளாரிசா அழுதுகொண்டே சிரித்தாள். அந்த அறையில் பாதிப் பேர் வீட்டில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தேன்.

எல்லாரும் எழும் நேரம் வசந்தகுமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன வருஷம் இறந்த அவர் அம்மாவுக்குக் குறிப்பு எழுதியவனும் நான்தான்.

"அண்ணே, அம்மா கடைசியா வடாபாவ் கேட்டாங்க. அன்னைக்கே சொல்ல வந்தேன்."

"சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். நடுவில், சர்க்கரை இருந்தவருக்கு அதைக் கொடுக்கலாமா என்று கேட்கப் போனேன். கிளாரிசா என் முழங்கால்மேல் கையை வைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். அவர் முடிக்கும் வரை இருந்தேன். நீளமாகத்தான் சொன்னார்.

அதற்குள் அந்த மாதத்துச் சபைப் பத்திரிகை அச்சாகி எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. ஜோசபினின் படத்துக்குக் கீழே அடக்கத்தன்று நான் கொடுத்த குறிப்பு ஒரு எழுத்து விடாமல் இருக்கிறது. அமைதியே உருவானவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியறியாதவர்.