மெத்தைக்காரர் ஃபில்டர் மாற்றுகிறார்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு உதிரிபாகக் கடையில் கிடைத்தது. திருடினேன் என்று நீங்கள் சொன்னாலும் மறுக்கமாட்டேன். காரின் வைப்பருக்கு ரப்பர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், மடிப்பு மடிப்பாக, சாம்பல் நிறத்தில், ஒரு பாடப்புத்தகம் அளவில் இருந்த எதையோ விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். அதன் கிழிசல்கள் வழியாக விளக்கு நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பத்து பதினொரு வயதிருக்கும். கடைக்காரர் ஏதோ கேட்டார். அவர் சொன்னார்:

"மாசா மாசம் தட்டி, வெயில்ல காயவச்சுத்தாங்க போடுறேன். ஒரு மாசம்கூட விட்டதில்ல."

அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. வெளியே ஒரு பிக்கப் வண்டி நின்றது. பின்னால் மெத்தைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முன்கதவு திறந்து கிடந்தது. அந்த ஒரு வாக்கியத்தையும் இந்த ஒரு வண்டியையும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், ரப்பரை மறந்துவிட்டு. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: "காற்று எதையும் மறப்பதில்லை."

படித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. காற்றுக்கு ஏது ஞாபகசக்தி? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஊரார் தூக்கத்தைத் தன் வண்டியில் சுமந்து திரிந்த அந்த மனிதர், தன்னுடைய தூக்கத்தை மட்டும்—" (இந்த வாக்கியம் இங்கேயே படுத்துவிட்டது. மெத்தைக்காரர் சுமப்பது மெத்தை. மெத்தையாகவே சுமக்கட்டும்.)

மூன்றாவது: "கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேலாகியும், மனைவியின் மகள் மெத்தைக்காரரை எந்த உறவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை."

இது நிற்கும். இதன்மேல் கட்டலாம்.

வயது போனபிறகு கல்யாணம் செய்துகொண்டவர் அவர். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பெண்ணின் சொந்த அப்பா அவளுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். (இறந்து போனாரா, பிரிந்து போனாரா என்று நான் முடிவு செய்யவில்லை. கதை கேட்கவுமில்லை.) வீட்டில் மூவரும் இருக்கும்போது பெண் அம்மாவிடம்தான் பேசுவாள். "சாப்பாடு ரெடின்னு சொல்லும்மா" என்பாள். அது அவருக்கான செய்தி, அம்மா வழியாகப் போகும்.

ஆனால் காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிடுவது அவர் வேலை. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு நடுவில் ஆள் கிடையாது. என்ன பேசுவது என்று தெரியாமல் முதல் நாட்களில் அவர் வியாபாரக் கதைகளைச் சொன்னார். ஒரு வீட்டில் கணவனுக்குக் கல்லு மாதிரி மெத்தை வேண்டும், மனைவிக்குப் புதைகிற மாதிரி வேண்டும், இரண்டு பேரும் கடையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தபடி யோசித்துவிட்டு, "பாதி பாதியா தைச்சுக் குடுங்க. யார் பக்கம்னு அவங்களே சண்டை போட்டுக்கட்டும்" என்றாள். மனிதர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு குலுக்கு குலுங்கியது. அன்றிலிருந்து அவள் ஜட்ஜம்மா. தினம் ஒரு வழக்கு கொண்டுபோவார். வழக்கில்லாத நாளுக்கு ஒன்றைத் தயார் செய்துகொள்வார். அவருக்கு அந்த நாளின் முதல் சந்தோஷம் அதுதான். பல நாட்களில் கடைசிச் சந்தோஷமும் அதுதான்.

3.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே, இவரை யார் நம்புவார்கள்? ஒரு குறை கொடுக்கலாமென்று தேடினேன். தேடவே வேண்டியதில்லை, கடையிலேயே தன் வாயால் சொல்லியிருந்தார்.

தன் வண்டியில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்பவர் அவர். மெக்கானிக் கடைப் பக்கமே போகமாட்டார். எல்லாம் கைவைத்தியம். அவருடைய வைத்தியமோ ஒன்றே ஒன்று. தூசி பட்ட பொருள் எதுவானாலும் மாடிக்குக் கொண்டுபோ, பிரம்பால் நான்கு சாத்து சாத்து, வெயிலில் போடு. பஞ்சு மெத்தைக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. கால்மிதிக்கும் சரி. ஒருமுறை பெண்ணின் பள்ளிப் பையை உள்ளே புத்தகங்கள் இருப்பது தெரியாமல் சாத்திவிட்டார்.

வண்டி வாங்கிச் சில மாதங்களில் யாரோ நண்பர், முன்சீட்டுக்கு எதிரே காகிதங்கள் போட்டுவைக்கும் பெட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏசி ஃபில்டரைக்* காட்டிக் கொடுத்தார். உருவிப் பார்த்தால் ஒரே பஞ்சுத்துகளும் மண்ணும். மெத்தைக்காரர் அதை மாடிக்குக் கொண்டுபோனார்.

(* இன்ஜினுக்கு ஒரு ஃபில்டர், உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கு ஒரு ஃபில்டர் என்று வண்டியில் இரண்டு உண்டு என்பதே இந்தக் கதைக்காகத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவதை மடித்த காகிதம் போன்ற ஒன்றில் செய்கிறார்கள். தட்டக்கூடாது, அழுக்கானால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது போடவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் காரைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப் உடைந்துவிட்டது. அவருக்கு இன்னும் தெரியாது.)

மாதாமாதம் அடி. ஒவ்வொரு அடிக்கும் மடிப்பில் ஒரு கீறல். கொஞ்ச நாளில் அது பெயருக்குத்தான் ஃபில்டர். மெத்தைக் கிடங்கின் பஞ்சுத்துகளும் ரோட்டுத் தூசியும் தடையில்லாமல் உள்ளே வந்தன. பெண் வண்டியில் ஏறத் தொடங்கியதும், பிள்ளைக்கு வேர்க்கக்கூடாதே என்று காற்று வரும் துளையை அவள் முகத்துக்கு நேரே திருப்பி, விசிறியை முழு வேகத்தில் வைத்தார்.

4.

அவளுக்கு இழுப்பு வந்தது ஒரு சாயங்காலம், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது.

இதை விவரிக்க எனக்குப் பெரிய கற்பனை தேவையில்லை. சின்ன வயதில் எனக்கும் உண்டு. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவார்கள். தோள் இரண்டும் காதுவரை ஏறும். மூச்சை உள்ளே இழுப்பது கஷ்டம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள், உண்மையில் வெளியே விடுவதுதான் கஷ்டம். போதும்.

ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடிக்கவைத்தார்கள். டாக்டர், பிள்ளை தூசியில் புழங்குகிறாளா என்று கேட்டார். அம்மா வீட்டை ஒவ்வொரு அறையாகச் சொல்லி இல்லை என்றாள். பிறகு பேச்சை நிறுத்தி, கணவனின் சட்டையைப் பார்த்தாள். தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது. வண்டியில் இருமுவாளா என்று கேட்டாள். அவர் இல்லவே இல்லை என்றார். பொய்யில்லை, அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பெண்ணும் தலையை ஆட்டி இல்லை என்றாள். அம்மா யாரையும் குறைசொல்லவில்லை. ஒரு வாரம் பார்க்கலாம், மறுபடி இருமல் வந்தால் ஸ்கூல் வேன்தான் என்றாள். நியாயமான பேச்சு. அவளை வில்லியாக்க ஒரு வரைவில் முயன்றேன், அவள் ஒத்துழைக்கவில்லை.

மருந்து வாங்க அம்மா போனதும் அந்த நீள பெஞ்சில் இவர்கள் இரண்டு பேர்தான். பெண் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"வண்டியிலதான் இருமல் வரும். நான் அடக்கிக்குவேன்."

அவருக்குப் புரிய கொஞ்சம் நேரமானது. வழியெல்லாம் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே வருவாள். தாகம் போலிருக்கிறது என்று அவர் பெரிய பாட்டிலாக வாங்கிக் கொடுத்திருந்தார்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேன்ல போட்டுடுவீங்கல்ல."

(இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எழுதியவரே அழலாமா என்று கேட்காதீர்கள். முதல் வாசகர் நான்தானே.)

5.

இப்போது மறுபடி அந்தக் கடை, வண்டிக் காற்றில்தான் ஏதோ கோளாறு என்று அவர் ஃபில்டரை உருவிக்கொண்டு வந்த நாள். நீங்களும் நானும் ஏற்கெனவே நின்ற இடம். இந்தமுறை எனக்குக் கேட்காததையும் எழுதுகிறேன்.

கடைக்காரர் கிழிந்த ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது மெத்தை இல்ல. இத மாத்தணும், தட்டக்கூடாது" என்றார். கேலி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மெத்தைக்காரரின் கை கீழே இறங்கியது. ஒரு மாதம்கூட விடாமல் தான் செய்தது என்னவென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் முகத்தை அந்த நேரத்தில் நான் பார்த்தேன். அது மட்டும் கற்பனை இல்லை.

புதியதை வாங்கிக் கடைவாசலிலேயே மாட்ட உட்கார்ந்தார். பெட்டியிலிருந்ததையெல்லாம் பெண் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்: ரசீதுகள், டேப், ஊசிக்கட்டு, தீர்ந்துபோன பேனாக்கள். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்த, அது தலை குப்புறத் தொங்கியது. பின்னால் நீளமாக ஒரு மூடி. அதையும் கழற்றினால் இருட்டுச் சந்து. ஈரத்துணியோடு அவர் கையை விட்டார். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அவள் துணியை வாங்கி முழங்கைவரை உள்ளே விட்டுத் துடைத்தாள். துணி கறுப்பாக வந்தது. அவர் அதைச் சட்டென்று வாங்கி மறைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நாளா நானே உனக்குத் தூசிய ஊட்டியிருக்கேன்" என்றார்.

அவர் உள்ளே வைக்கப்போன புதிய ஃபில்டரின் ஓரத்தை அவள் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு அம்புக்குறி இருந்தது. "தெரியாமத்தானே செஞ்சீங்க. விடுதலை" என்றாள் நிமிராமல். "அம்பு கீழ பார்க்கணும். தலைகீழா வச்சிருக்கீங்க."

அவர் திருப்பி வைத்தார். அது சறுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சரியாக உட்கார்ந்தது. இந்த உலகத்தில் சில பொருள்களாவது தம் இடத்தில் இப்படிச் சத்தமில்லாமல் உட்காருவது எனக்குப் பெரிய ஆறுதல்.

6.

முடிவுகள். இதுவரை எழுதிக் கிழித்தவை.

அ) புது ஃபில்டர் போட்டதும் இருமல் பறந்துபோயிற்று. எல்லோரும் சுகம். (படித்துப் பார்த்தால் ஃபில்டர் விளம்பரம் மாதிரி இருந்தது. அதை விளம்பரக்காரர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள்.)

ஆ) அந்தக் கடைவாசலில், கை கறுப்போடு, அவள் முதல்முறையாக "அப்பா" என்கிறாள். (கதையைக் கேட்ட என் தங்கைக்கு இதுதான் வேண்டும். எனக்கும் ஆசைதான். நான்கு தடவை எழுதினேன். நான்கு தடவையும் அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறத்தியார் ஆசைக்காகவா ஒரு பிள்ளை அப்பா என்று கூப்பிடும்? விட்டுவிட்டேன்.)

இ) மறுபடி இழுப்பு, இந்தமுறை பெரிதாக,

இல்லை. மாட்டேன். இது என் கதை, இதில் அது நடக்காது.

7.

அப்படியென்றால் என்னதான் நடந்தது? திங்கட்கிழமை காலை நடந்தது. முழுவதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரிந்தவரை.

அம்மா வாசலில் நின்று இருவரையும் அனுப்பினாள். அவர் விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, காற்றை அவள் முகத்திலிருந்து தள்ளித் திருப்பியிருந்தார். வழக்கு எதுவும் கொண்டுவரவில்லை. காது முழுக்க அவள் மூச்சின்மேல் இருந்தது. பாதி தூரம் ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்க் தாண்டித் திரும்பும்போது அவள் இருமினாள்.

அடக்கவில்லை. பாட்டிலைத் தேடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவும் இல்லை. சொந்த வீட்டில் இருமுவதுபோல, வாய்விட்டு, மூன்று நான்கு தரம் இருமினாள்.

அவர் வண்டியை ஓரம்கட்டினார். பழைய தூசி எங்காவது மிச்சமிருக்கலாம். வெறும் காலைக் குளிராகவும் இருக்கலாம். மருந்து இன்னும் முழுதாக வேலை செய்யாமலும் இருக்கலாம். அவருக்குத் தெரியாது, எழுதுகிற எனக்கும் தெரியாது. இருமல் நின்றது. நெஞ்சில் விசில் இல்லை. அவர் குனிந்து காதை வைத்தே பார்த்துவிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. நானே ஒருமுறை அப்படி எழுதியும் பார்த்தேன். அவர் அதை விழுங்கினார்.

"சொல்லிடுவோம்."

"சொன்னா வேன்."

"வேன்னா வேன். நான் வேனுக்குப் பின்னாடியே வண்டிய ஓட்டிட்டு வரேன். நீ கண்ணாடி வழியா பாரு, தெரிவேன். ஆனா இனிமே இருமல அடக்காத. எங்க இருந்தாலும் அடக்காத. சரியா?"

அவள் கையை நீட்டினாள். அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தி அவளிடம் கொடுத்தார். மணி போகிறது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கிறார், நின்ற வண்டியில்.

அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "என்னங்க?" என்கிறது அம்மாவின் குரல்.

இனி அவள் பேசவேண்டும். என்னிடம் அவளுக்குக் கொடுக்க வார்த்தை இல்லை, இருந்ததையெல்லாம் அவருக்கே கொடுத்துவிட்டேன். உங்களிடம் இருந்தால் நீங்கள் சொல்லிக்கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். முதலில் மூச்சை நன்றாக விட்டுக்கொள்ளட்டும்.