செண்பகம் கேட்டது வட்டம்

எங்கள் உள்ளூர் கேபிளில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ‘நம்ம ஊர் வீரர்கள்’ என்றொரு நேரலை வரும். முதல் பாதியில் ஒரு விளையாட்டு வீரர், மறுபாதியில் ஒரு நல்ல காரியத்துக்கு உதவி கேட்பது. நடத்துவது பிரத்யும்னனாகிய நான், பி.ஏ. தமிழ் இரண்டாமாண்டு. பார்ப்பது என் அம்மாவும், ரிமோட் தொலைந்துபோன சில வீடுகளும். கேமரா திரேஸ்புரத்துப் பவுல். வலை இழுத்த கை என்பதால் படம் ஆடாது. நான்தான் ஆடுவேன்.

அன்றைய விருந்தினர் என் கல்லூரியில் ஒரு வருடம் மூத்த செண்பகம் அக்கா. மாப்பிள்ளையூரணிக்காரர், குண்டு எறிபவர். அவர் கேட்டது ஒன்றுதான்: ஊர் மைதானத்தில் ஒரு சிமெண்ட் வட்டம். மணலில் பழகிய கால், போட்டியில் சிமெண்ட் தரையைக் கண்டதும் வழுக்கிக் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அடுத்த மாதம் மாவட்டத் தேர்வு. வயது வரம்புப்படி அதுவே அவருக்குக் கடைசி.

“போன தடவ கால் வெளிய போயி மூணு எறியும் பவுலு” என்றார் அக்கா.

கேமராவுக்குப் பின்னாலிருந்து தலை நீண்டது. “நான் அங்கன வரவேயில்லையே!”

‘குண்டு எறிதல் வீராங்கனை செண்பகத்துக்கு மாப்பிள்ளையூரணி மைதானத்தில் சிமெண்ட் வட்டம் தேவை’ என்ற அறிவிப்பைத் திரையில் போட்டேன். இடம் குறைவு என்று ‘எறிதல் வீராங்கனை’யை நானே எடுத்துவிட்டேன். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் வெட்டிக்கொண்டது. தமிழ் இலக்கணத்தில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவன் தயாரித்த அறிவிப்பு, ஊர் முழுக்க இப்படித் தெரிந்தது:

‘குண்டு செண்பகத்துக்கு மாப்பிள்ளை’

கீழே போன் நம்பர்.

எங்கள் நிகழ்ச்சிக்கு இதுவரை போன் வந்ததே இல்லை. அன்று ஏழு நிமிடத்தில் பதினொன்று. முதல் ஆள் ஜாதகம் கேட்டபோது எனக்குப் புரியவில்லை. நாலாவது ஆள் நட்சத்திரம் கேட்டபோது திரையைத் திரும்பிப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். மடியில் நாலு கிலோ இரும்புக் குண்டு. அவர் எறியும் தூரம் பன்னிரண்டு மீட்டர். நான் உட்கார்ந்திருந்தது இரண்டடியில்.

அதற்குள் அடுத்த குரல்: “சாத்தான்குளத்துல இருந்து வீரபாகு பேசுதேன் தம்பி. ஹார்டுவேர் கடை. பொண்ணு குண்டா இருந்தா எங்களுக்கு ஒண்ணுமில்ல. என் மவனும் கொஞ்சம் பூசினாப்லதான்.”

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அக்கா மைக்கைப் பிடுங்கினார்.

“அண்ணாச்சி, கடையில சிமெண்ட் இருக்கா?”

“இருக்கு தாயி. ஏன்?”

“எனக்குத்தான் வேணும். மாப்பிள்ளை வேணாம். இந்தக் கூறுகெட்ட பய தப்பா எழுதிட்டான். நான் இப்ப யாரையும் கட்டிக்கிட மாட்டேன்.”

நான் சிரித்துச் சமாளித்தேன். சிரிப்பு மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

“தாயி, இவனுக்கு ஒம்பது வீட்ல பொண்ணு கேட்டாச்சு” என்றார் வீரபாகு. “அம்புட்டுப் பேரும் யோசிச்சுச் சொல்லுதோம்னு சொல்லி எங்களக் காக்க வச்சாங்க. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொன்னது நீதான். எத்தன மூட்டை வேணும்?”

திங்கட்கிழமை லோடு ஆட்டோ வந்தது. ஓட்டி வந்தது அந்த மகனேதான். மண்வெட்டியை என் கையில் கொடுத்து, “நீங்கதான எழுதினது? கலக்குங்க” என்றார். கலக்கினேன். வட்டம் காய்கிறவரை தினமும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் எனக்கே வந்தது. பிறகு மூன்று வாரம் அக்கா அதில் சுழன்று சுழன்று எறிந்தார்.

தேர்வு நாளில் மைதானத்திலிருந்தே நேரலை வர்ணனை செய்தேன். முதல் எறி, கால் வெளியே, சிவப்புக் கொடி. இரண்டாவதும் சிவப்பு. நான் வர்ணனையை நிறுத்திவிட்டேன். அக்காவுக்கு என் வாய் செய்த முதல் உதவி அதுதான். மூன்றாவதில் காலைப் பார்த்தேன், குண்டைப் பார்க்கவில்லை. கால் வட்டத்துக்குள்ளேயே நின்றது. வெள்ளைக் கொடி எழுந்தது. இரண்டாமிடம், முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

பேட்டிக்கு மைக்கை நீட்டினேன். குண்டை என் கையில் திணித்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்ட அக்கா, கேமராவைப் பார்த்துத் தானே பேச ஆரம்பித்தார். நான் நாலு கிலோவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, படத்துக்கு வெளியே, முதல்முறையாக ஆடாமல் நின்றேன்.