ஏழரை அங்குலக் குழல்

காலை ஐந்து மணிக்கே பிரஸ் கூடத்தின் தரை அதிர ஆரம்பித்துவிடும். மொத்தம் ஆறு பிரஸ்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண், முக்காலியில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும். தட்டிலிருந்து ஓர் அலுமினிய வில்லையை எடுத்து அச்சுக்குழியில் வைக்க வேண்டும். காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து உருக்குத் தண்டு இறங்கி ஒரே அடி அடிக்கும். வில்லை இளகித் தண்டைக் கவ்விக்கொண்டு மேலே ஏறிக் குழலாகிவிடும். தொட்டால் சுடும். அடிக்கு ஒரு குழல், மூச்சுக்கு ஒரு மிதி. மசகுப் பொடி பறந்து இமைமயிர் வரை வெளுத்திருக்கும்.

ஒரு குழலுக்குள் ஒரு சுருட்டு. அதற்குத்தான் இவ்வளவும்.

அன்று மேல்மாடியிலிருந்து டிராயிங்காரியும் கீழே வந்திருந்தாள். கீழே வேலை செய்கிறவர்கள் அவளை 'மேல்மாடி' என்றுதான் சொல்வார்கள், அவள் காது கேட்கவே. கண்ணாடி அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோடு போடுகிறவள். அவள் வரைந்த புதுக் குழலின் முதல் ஓட்டம் அன்றைக்கு.

நாற்பது நாள் அதோடு மல்லுக்கட்டியிருந்தாள். சுருட்டுக் கம்பெனி நீளமான புதுச் சுருட்டு ஒன்றை இறக்கப் போகிறது. குழல் தளர்ந்திருந்தால் உள்ளே ஆடி மேல்இலை உதிரும். இறுகினால் வெளியே இழுக்கும்போது இலை கிழியும். மூடி வழியே காற்றுப் புகுந்தால் சுருட்டு சருகாகிவிடும். பயணப் பெட்டிக்குள் துணிகளோடு போட்டு ஏறி உட்கார்ந்தாலும் நசுங்கக் கூடாது. அதே சமயம் தகடு தாள் மாதிரி மெலிந்திருக்க வேண்டும். மாதிரிச் சுருட்டுகளை மேசை இழுப்பறையில் வைத்திருந்ததால் அவள் கைப்பை, கைக்குட்டை எல்லாம் புகையிலை மணத்தது. "ஆபீஸ்ல கோடு போடுறியா, சுருட்டு குடிக்கிறியா?" என்று அவள் கணவன் கேலி செய்வான்.

மூன்றாம் பிரஸ்ஸில் இருந்தவள் அவளுடைய நாத்தனார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. கூடத்தில் அவளுக்கு 'வாயாடி' என்று பேர்.

"எத்தனை அங்குலம் அண்ணி இது?"

"ஏழரை."

"ஏழரையா? எட்டுன்னு போட்டிருக்கக் கூடாதா? பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்குது."

பக்கத்து பிரஸ்ஸில் சிரித்தார்கள். டிராயிங்காரியும் சிரித்தாள்.

பத்துக் குழல் கூட ஒழுங்காக வரவில்லை. பிரஸ்ஸின் முன்னால் ஒரு கம்பிக்கதவு உண்டு; வில்லையை உள்ளே விட மட்டும் அதில் ஒரு சிறு சந்து. கதவு மூடியிருந்தால்தான் தண்டு இறங்கும். திறந்திருந்தால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் அசையாது. கதவின் அடியிலுள்ள பிளவு வழியாகக் குழல் வெளியே விழ வேண்டும். பழைய குழல் விழுந்தது. இந்தக் குழல் நீளம், குறுக்கே மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து கையால் எடுக்க வேண்டியிருந்தது.

முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு குழல். "என்ன, தேர் இழுக்குற மாதிரி எல்லாரும் கூடி நிக்கிறீங்க?"

பிட்டர்தான் பேசினார். இருபது வருஷமாக அந்த பிரஸ்களைப் பார்த்துக்கொள்கிறவர். "டியூப் கதவுல மாட்டுதுங்க. பிளவை வெட்டி அகலமாக்கணும். டிராயிங்லயே எழுதியிருக்காங்க, கதவை மாத்திட்டுத்தான் ஓட்டணும்னு."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஆறுக்கும் சேத்து பத்து நாளாவது ஆகும்."

"பத்து நாளா? சுருட்டுக் கம்பெனிக்காரன்கிட்ட நான் என்னன்னு சொல்ல, கதவுக்குக் காய்ச்சல்னா? கழட்டிப் போடுங்க."

"கதவு இல்லாட்டி பிரஸ் இறங்காதுங்க. சுவிட்ச் இருக்கு."

"சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டுங்க. இதெல்லாம் நான் சொல்லித்தரணுமா?"

"அப்போ எங்க கைக்கு என்னங்க காவல்?" என்றாள் நாத்தனார்.

"கைக்குக் கண்ணுதான் காவல். கண்ணை வேலையில வை."

"கண்ணு டியூப்ல இருக்குங்க. அதுல ஒரு கீறல் விழுந்தா நீங்கதான வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறீங்க?"

யாரோ 'களுக்' என்று சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. டிராயிங்காரியின் பக்கம் திரும்பினார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், நான் எழுதினது என்னன்னா…" என்று தொடங்கினாள்.

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. மேல போங்க."

அவள் போனாள். படியேறும்போது முதுகுக்குப் பின்னால் திருகாணிகள் கழன்று தரையில் விழும் ஓசை கேட்டது. திரும்பி நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் நடந்துவிடுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறிவிட்டாள்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணி. ஒரு குழல் தண்டிலேயே ஒட்டிக்கொண்டது. நாத்தனாரின் வலது கை அதை உருவப் போனது. நாலு மணி நேரம் ஒரே தாளத்தில் மிதித்த கால், கை உள்ளே நீண்டதும் பழக்கத்தில் பெடலை மிதித்துவிட்டது.

சத்தம் மேல்மாடிக்குக் கேட்கவில்லை. ஐந்து பிரஸ்களின் இரைச்சலில் ஓர் அலறல் எம்மாத்திரம்? பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றபோதுதான் அவள் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து மரப்பலகையில் அவளும் அவள் கணவனும் மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து, மூன்று விரல் என்றார். எந்த மூன்று என்று கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை. உள்ளே நாத்தனார் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, அது யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என் பிரஸ் நிக்குதா?"

டிராயிங்காரி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிற்பகலே கழுவும் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து மூன்றாம் பிரஸ்ஸில் உட்கார வைத்துவிட்டார்கள். பிட்டர் வந்து சொல்லியிருந்தார்.

"ஓடுதா?"

"ஓடுது."

"கதவு போட்டாங்களா?"

"இல்ல."

நாத்தனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தலையைக் கோத வந்த அண்ணியின் கையை இடக்கையால் மெல்ல ஒதுக்கிவிட்டாள்.

மறுநாள் முதலாளி டிராயிங்காரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். இதுவரை சொன்னதில்லை.

"உங்க நாத்தனார் எனக்கும் தங்கச்சி மாதிரிதாம்மா. ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கிறேன். நாளன்னைக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். அவருக்கு டிராயிங் காட்டணும். அந்தக் கதவு சமாச்சாரம் இல்லாம புதுசா ஒண்ணு போடுங்க. தேதி பழசாவே இருக்கட்டும்."

"அப்போ கதவு?"

"கதவு இருந்துச்சு. அவசரத்துல அவங்களே சுவிட்சைக் கட்டிட்டுத் திறந்துட்டாங்க. பெடலை மிதிச்சது அவங்க கால்தானே? நானா மிதிச்சேன்?"

மிதித்தது நாத்தனாரின் கால்தான். எத்தனை பெரிய பொய்யாக இருந்தாலும் உள்ளே இப்படி ஒரு துண்டு உண்மையை ஒளித்து வைத்துக்கொள்கிறது.

"ஒரு நாள் டைம் குடுங்க சார்."

"ஒரு நாள் என்ன, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எடுத்துக்குங்க. நீங்க படிச்சவங்க. கீழ இருக்கிறவங்க மாதிரி யோசிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

வீட்டில் கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. கிடங்கில் மூட்டை இறக்கி முதுகு போனவன். இரண்டு வருஷமாக அந்த வீடு இரண்டு பெண்களின் கைகளில்தான் ஓடுகிறது. இப்போது அதிலும் ஒரு கை இல்லை.

"போட்டுக் குடுத்துரு" என்றான். சற்று நேரம் கழித்து, "குடுக்காதே" என்றான். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "அவ என் கூடப்பொறந்தவ. நீ என் பொண்டாட்டி. என்கிட்ட கேட்டா நான் என்னன்னு சொல்றது? எனக்குச் சொல்லத் தெரியலடி" என்றான், குரல் உடைந்துபோய்.

அவளுக்கும்தான் தெரியவில்லை. விடிந்தபோது அவளிடம் ஒரு முடிவும் இல்லை. பழைய டிராயிங்கைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஆலைக்குள் போனதும் கால்கள் படிக்கட்டைத் தாண்டி நேரே பிரஸ் கூடத்துக்குள் நுழைந்தன.

மூன்றாம் பிரஸ்ஸில் இருந்த பெண் பெடல்மேல் காலை வைக்கும்போதெல்லாம் கண்ணை மூடித் திறந்தாள். அவளுக்கு அடுத்த பிரஸ்ஸில் இருந்தவளுக்குக் கட்டைக்குரல். கூடமே அவள் குரலுக்கு அடங்கும். டிராயிங்காரியைப் பார்த்ததும், "என்ன, மேல்மாடி கீழ வந்திருக்கு? இன்னும் நீளமா ஏதாவது வரைஞ்சிருக்கியா?" என்றாள்.

டிராயிங்காரி தாளை விரித்தாள். இரண்டு முறை முயன்றும் இரைச்சலில் குரல் எழவில்லை. கட்டைக்குரல்காரி பெடலிலிருந்து காலை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் எடுத்தார்கள்.

"இதுல எழுதியிருக்கு. கதவை மாத்தாம இந்த டியூப்பை ஓட்டக் கூடாதுன்னு. நாளைக்கு வர்ற இன்ஸ்பெக்டர்கிட்ட காட்ட, இதை மறைச்சு வேற போட்டுத் தரச் சொல்றாங்க. அவளாத்தான் கதவைத் திறந்தான்னு சொல்லப் போறாங்க."

"எழுதிட்டு நீ என்ன பண்ணின?"

"மேல போயிட்டேன்."

அவளை யாரும் தேற்றவில்லை. பிட்டர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இந்தப் பொண்ணு எழுதிட்டுப் போச்சு. நான் கட்டிட்டு நின்னேன். ஆறு சுவிட்சுலயும் கம்பி கட்டினது இந்தக் கைதான்." பேசிக்கொண்டே பையிலிருந்து கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்தார். முதலாம் பிரஸ்ஸின் பின்னால் குனிந்தார். 'டக்'. இரண்டாம் பிரஸ். 'டக்'. ஆறையும் வெட்டிவிட்டு நிமிர்ந்தார். மூன்றாம் பிரஸ்ஸில் இருந்தவள் பெடலை மிதித்துப் பார்த்தாள். தண்டு இறங்கவில்லை. அவள் முக்காலியிலேயே குலுங்கி அழுதாள்.

முதலாளி படியில் பாதி இறங்கி நின்றார். "யார் நிறுத்துனது?"

"யாரும் நிறுத்தலீங்க" என்றாள் கட்டைக்குரல்காரி. "கதவு இல்ல, அதனால அதுவா நின்னுருச்சு. கதவைப் போடுங்க, அதுவா ஓடும்."

"அந்தம்மா வெளிய போகட்டும். பிட்டரும் போகட்டும். மத்தவங்க வேலையைப் பாருங்க."

"போனா எல்லாரும் போறோம்."

"போங்க. இந்த ஆர்டரை வேற ஊர்ல ஒருத்தன் நாளைக்கே எடுத்துப்பான். அப்புறம் என் வாசல்ல வந்து நிக்காதீங்க."

அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வெளியே வந்தார்கள். வந்ததும் காவல்காரர் உள்ளேயிருந்து கேட்டுக்குச் சங்கிலி போட்டார்.

வெயில் ஏறியது. சாலையோரச் சுவர் நிழலில், கழுவும் பிரிவு ஆட்களும் சேர்ந்து, முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாக்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. தாகம் வந்தது. ஒருத்தி பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட வேண்டியதை முணுமுணுத்தாள். இன்னொருத்தி, "கையை வச்சுக்கிட்டு வயித்தை என்ன பண்ண?" என்றாள். டிராயிங்காரி கொஞ்சம் தள்ளி, தனியாக, வெயிலில் நின்றிருந்தாள். இந்தச் சனங்களை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவள் தான்தான் என்ற நினைப்பு அவளை அரித்தது. நாளை இவர்கள் தன் முகத்தில் காறி உமிழ்ந்தாலும் நியாயம்தான்.

இரண்டு மணி ஷிப்டு ஆட்கள் தெருமுனையில் தெரிந்தார்கள். நாற்பது பேர். காவல்காரர் சங்கிலியைத் தளர்த்தி, ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கேட்டைத் திறந்து பிடித்தார். உள்ளே முதலாளி நின்றிருந்தார்.

கட்டைக்குரல்காரி எழுந்துபோய் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அவன் பின்னால் இன்னொருவன் போனான். இங்கே யாரும் ஏசவில்லை. மூன்றாவதாக இருந்த பெண் கேட் வரை போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உள்ளே பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். திரும்பி வந்து, சுவரோரம் உட்கார்ந்தாள். அதன் பிறகு உள்ளே யாரும் போகவில்லை.

நிழல் போதவில்லை. இருந்தவர்கள் முழங்காலை மடக்கி நெருங்கி உட்கார்ந்தார்கள். கட்டைக்குரல்காரி கணக்காக ஆட்களைப் பிரித்தாள்: "ஆஸ்பத்திரிக்கு ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்திப் போகணும். அவ தனியாக் கெடக்கக் கூடாது. இப்ப நானும் பிட்டரும் போறோம். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரும்போது எல்லாரும் இங்க இருக்கணும், அந்தத் தாளோட." பிறகு திரும்பி, "நீ ஏன் வெயில்ல நிக்கிற? மயக்கம் போட்டு விழுந்தா உன்னையும் தூக்கிட்டு அலையணுமா?" என்று அதட்டினாள்.

ஒரு சாண் இடம் விட்டார்கள். டிராயிங்காரி போய் உட்கார்ந்தாள். இருபுறமும் வியர்வையும் மசகுப் பொடியும் மணக்கும் தோள்கள் இடித்தன. பிந்திய ஷிப்டு ஆட்கள் சிலர் இன்னும் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் அவளை முழங்கையால் தட்டினாள்.

"கொஞ்சம் நகருங்கக்கா. அவங்களும் உக்காரணும்ல."

அவள் நகர்ந்தாள்.