ஏழில் முடிகிறவர்கள்

ஏழாம் இயந்திரம் சூடேறிய வாரத்தில், அடையாள எண் ஏழில் முடிகிற அத்தனை பேருக்கும் காய்ச்சல் கண்டது. ஒரே கட்டிலில் படுக்கிற கணவனுக்கு வந்தது, ஆறில் முடிகிற மனைவிக்கு வரவில்லை. டாக்டரின் எண்ணும் ஏழில்தான் முடிந்தது, பாவம், அவரும் படுத்துவிட்டார். பதிவகத்தின் பத்து இயந்திரங்களில் ஊராரின் விவரங்களைக் கடைசி இலக்கப்படி பிரித்து வைத்திருந்ததால் யாரும் இதை அதிசயமாக எண்ணவில்லை. பயந்துதான் போனார்கள்.

அதிகம் பயந்தவர் பதிவகத்து மெக்கானிக். ஏழில் முடிகிற அவர் மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி, மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. இயந்திரத்தைப் பத்து நிமிடம் அணைத்து, நகலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினால்தான் சூடு அடங்கும். நகலோ ஒரு வருடப் பழசு. இன்று நாளை என்று அதைப் புதுப்பிக்காமல் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

"ஒரு வருஷம்தானே, பாத்துக்கலாம்" என்றார் மேலாளர் அம்மா.

"போன வருஷம் அவ முழுகாம இல்லையே மேடம். குழந்தை?"

"குழந்தைக்கு இன்னும் நம்பரே போடலையேப்பா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

விட்டால் மனைவியே கருகிப்போவாள். மெக்கானிக் சுவிட்சை அணைத்தார். ஊரில் ஏழுகள் எல்லாரும் மறைந்தார்கள். ஓட்டுநர் இல்லாத பஸ் ஒன்று சுவரில் முட்டி நின்றது. பத்து நிமிடம் கழித்து எல்லாரும் காய்ச்சலின்றித் திரும்பினார்கள், ஒரு வயது குறைந்து. போன மாதம் விவாகரத்து வாங்கியவர் பழைய வீட்டுக் கதவையே போய்த் தட்டினார்.

மெக்கானிக் வீட்டுக்கு ஓடினார். மனைவி ஒட்டிய வயிற்றோடு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு ஒரு சாண் மேலே, முழங்காலை மடக்கியபடி, ஒரு பெண் குழந்தை அந்தரத்தில் கிடந்து வீரிட்டது. எண் இல்லாததால் சுவிட்ச் அதை மட்டும் அணைக்கவில்லை.

"யாரு குழந்தைங்க இது?"

"நம்மளுது" என்றார் மெக்கானிக்.

அவள் நம்பவில்லை. ஒரு மாதம் யாரோ வீட்டுக் குழந்தையைப் போலத்தான் அதைத் தூக்கினாள். பிறகு ஒரு காலை, எண் போடுவதற்காகப் பதிவக எழுத்தர் படிவத்தோடு வந்தார். சட்டம் சட்டம்தானே என்று மெக்கானிக் பேனாவைத் தேடினார். அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு வாசலை மறித்தாள்.

"இவளுக்கு வேண்டாம்."

"நம்பர் இல்லேன்னா இவ எங்கேயுமே இருக்க மாட்டாம்மா."

"எங்கிட்ட இருக்கா."

எழுத்தர் படிவத்தில் எண்ணுக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.